மூன்றாவது உதை

பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பார்ப்பார்கள், முடியைப் பார்ப்பார்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். என்னைப் பார்க்க வந்தவர்கள் என் காலைத்தான் பார்த்தார்கள். பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். எங்கள் பக்கத்தில் காலால் பிறந்தவர்களுக்குப் பிறந்த அன்றே ஒரு வேலை ஒதுக்கப்பட்டுவிடும். இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள் வந்து முதுகைக் காட்டி நிற்பார்கள். நாம் மூன்று உதை உதைக்க வேண்டும். பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை.

அரியலூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில், நான் சரியாக நிற்கப் பழகியதிலிருந்தே இந்தத் தொழில் நடந்தது. சிமெண்டு மூட்டை தூக்குகிற ஆட்கள், மீசையும் முண்டாசுமாக, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டுவார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள், நான் உதைப்பேன். உதை வாங்கியவர்கள் நன்றி சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பெரியவர்களைக் காலால் தொட்ட பாவத்துக்கு நான் அவர்கள் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். அந்த வயதில் எனக்கு அது விளையாட்டு. பெரிய மனிதர்களை உதைத்துப் பாராட்டும் வாங்குகிற பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

பாடாலூருக்குக் கிழக்கே ஒரு ஊரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை டிராக்டர் ஓட்டுகிறவர். அவருடைய அம்மாதான் பேசினார். "பொண்ணு காலால பொறந்ததாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் அம்மா. "அப்ப பேசி முடிச்சுடுவோம்ங்க. எங்கிட்ட பன்னெண்டு இடுப்பு இருக்கு" என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அவர் சின்ன வெங்காயம் நடுகிற பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவர். பன்னிரண்டு பேர். நாளெல்லாம் குனிந்தே வேலை செய்கிறவர்கள். வாரத்துக்கு ஒருத்தியாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டிலேயே ஒரு காலால் பிறந்த மருமகள் இருந்தால் எவ்வளவு வசதி! தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன்.

என் மாமியாரைப் பற்றி நான் சொல்வதில் மிகை இருக்காது. மருமகளே மாமியாரைப் புகழ்கிறாள் என்றால் அதில் பாதியாவது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து பத்து வருடம். நெடுநெடுவென்று உயரம். மடியில் விதை வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு, சால் என்கிற நடவு வரிசையில் இறங்கினால், ஒரு கையால் மடியிலிருந்து எடுப்பார், மறு கையால் ஊன்றுவார். இரண்டு கையும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது. அவர் ஒரு சால் முடித்துத் திரும்பும்போது மற்றவர்கள் முக்கால் சாலில் இருப்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்கள், "அந்த அம்மா ஆளுங்கதான் வேணும்" என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சாலின் இந்த முனையில் குனிந்தால் அந்த முனையில்தான் நிமிர வேண்டும். நடுவில் நிமிர்ந்தவள் வேலைக்கள்ளி. "வெங்காயம் மண்ணுலதானே இருக்கு, வானத்துல என்னடி தேடுற?" என்று கேட்பார். கூட்டமே சிரிக்கும். நிமிர்ந்தவள் வெட்கப்பட்டுக் குனிந்துகொள்வாள். சில காடுகளில் ஒரு சால் இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நீளும். நான் அவர்களோடு ஒரு நடவுப் பட்டம் முழுக்கப் போய்ப் பார்த்தேன். பாதியிலேயே இடுப்பு இரண்டாகப் பிளந்தது. நிமிரவில்லை. வேலைக்கள்ளி என்ற பேருக்கு அவ்வளவு பயம். அங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அதனால் விடிந்ததும் எங்கள் வாசலில் ஆள் நிற்கும். காபித் தண்ணீர் கொதிக்கும், நான் போய் மூன்று உதை உதைத்துவிட்டு வருவேன். பலருக்குச் சரியாகவும் போனது. ஏன் சரியானது என்று இப்போது தெரியும். பிடிப்பு என்பது பெரும்பாலும் நாலு நாளில் தானாக விடுகிற சமாச்சாரம். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. பேர் எனக்குக் கிடைத்தது.

மூன்றாம் வருடம் ஐப்பசி நடவு தொடங்க மூன்று நாள் இருந்தது. அன்று நடவுப் பெண்கள் எல்லோரும் வீட்டில் வந்து விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வைத்த குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மாமியார், "அரியலூருல உப்புக்குப் பதிலா சிமெண்டுதான் போடுவாங்க போலருக்கு" என்றார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பிறந்த ஊரை இழுத்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சிரித்து மழுப்பிவிட்டு, பாத்திரத்தை மட்டும் சத்தமாகக் கழுவினேன்.

மறுநாள் காலையில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மாமியார்.

"ஏம்புள்ள, எனக்கும் லேசா புடிச்ச மாதிரி இருக்கு. ஒரு மூணு போடு" என்றார்.

அதுவரை அவர் என்னிடம் உதை கேட்டதே இல்லை. "நான் எப்படி அத்தை உங்களை..." என்று பின்வாங்கினேன். என் கணவர் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "ஊர்ல எந்த மருமவளுக்கும் கெடைக்காத சான்ஸ், விடாத" என்று சிரித்தார். மாமியாரும் சிரித்தார். "நாளான்னிக்கு நடவு. சீக்கிரம் ஒதை" என்றார்.

முதல் உதை லேசாக உதைத்தேன். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதற்குக் காலைத் தூக்கும்போது சிமெண்டு ஞாபகம் வந்தது. அதை மறைப்பதில் இப்போது பயன் ஒன்றும் இல்லை. அந்த மூன்றாவது உதையில் கொஞ்சம் கோபம் இருந்தது.

நிலையைப் பிடித்திருந்த கை நழுவி, அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தார். "எந்திரிங்க அத்தை" என்று பிடித்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் தனக்குச் சொந்தமே இல்லாததுபோல் கிடந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. என் கணவர் ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் தலை குனிந்ததை அவர் பயம் என்று நினைத்துக்கொண்டார்.

வாடகைக்கு ஒரு வேன் பிடித்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியில் நெடுஞ்சாலையின் ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடித்தார். இளவயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. படம் எடுத்து வரச் சொன்னார். பிறகு கேட்டார்.

"எப்படி ஆச்சு? யாராவது மிதிச்சாங்களா, உதைச்சாங்களா? இந்தப் பக்கம் அது ஒரு பழக்கம் இருக்கே."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் சொன்னார்: "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். கெணத்து மேட்டுல வழுக்கி வுழுந்துட்டேன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவருடைய முந்தானையைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் இது தானாக அடங்கும், ஆனால் கால் பலம் இன்னும் குறைந்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும், திருச்சியில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார். மாமியாருக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நான் திரும்ப நடவு நடலாமாங்க?"

"மூணு மாசம் குனியவே கூடாது. அதுக்கப்புறம் உங்க இடுப்பு என்ன சொல்லுதோ அதுதான். இத்தனை வருஷம் குனிஞ்ச மாதிரி இனிமே குனிய முடியாது."

திரும்பி வரும்போது வேனில் அவர் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். பாடாலூர் தாண்டியதும் ஒரு காட்டில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தார். "என் ஆளுங்க வேற எவ பின்னாடியோ போயிடுவாளுங்க. அப்பறம் நான் யாரு புள்ள?" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அழக்கூட உரிமை இல்லை என்று தோன்றியது. அந்த நடவுக்குக் கூட்டத்தை இன்னொருத்திதான் கூட்டிப்போனாள்.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் அந்த மனுஷி யார் என்பது. ஊரில் இடுப்பு வலி வந்தவர்கள் பாயில் விழுந்தால் மாதக் கணக்கில் கிடப்பார்கள். டாக்டரம்மா இரண்டு நாளுக்கு மேல் படுக்காதே, நட என்று சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் காலை மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதே நிலைதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருக்குழாய் வரை போனார், திரும்பினார். மறுநாள் குழாயைத் தாண்டி ரேஷன் கடை. ஒரு மாதத்தில் நெடுஞ்சாலை வரை. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், இவர் பாட்டுக்குக் கைவீசி நடப்பார். "பொம்பளைக்கு வேலை வெட்டி இல்லாம நடை என்ன நடை" என்று ஒருத்தி கேட்டதற்கு, "வேலைக்குத்தான் நடக்கறேன்" என்றார்.

பாயிலிருந்து நேராக எழுவதை விட்டார். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, அப்புறம்தான் எழுவார். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொருளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுவார். ஒரு தீப்பெட்டியைக்கூட அப்படித்தான் எடுப்பார். என் கணவர் சிரித்துவிட்டார். "தீப்பெட்டிக்குப் பழகினாத்தான்டா மூட்டைக்கு வரும்" என்று பதில் வந்தது. வாசல் கூட்டும் விளக்குமாற்றை ஒரு மூங்கில் கழியில் கட்டச் சொன்னார். நின்றபடியே கூட்டினார். முனிசிபாலிட்டி வேலை கிடைத்துவிட்டதா என்று தெருவே கிண்டல் செய்தது. அவர் கூட்டிக்கொண்டே, "ஆமாம், ஒனக்கும் ஒரு வேலை இருக்கு, வர்றியா?" என்று கேட்டார்.

ஒரு நாள் நான் தரையில் இருந்த அடுப்பில் குனிந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "நானாவது நடவுக்குக் குனிஞ்சேன். நீ சோத்துக்கே இப்புடிக் குனியிறியே" என்றார். அன்று மாலையே மகனைப் பிடித்துச் செங்கல் இறக்க வைத்து, இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி அடுப்பை அதன்மேல் ஏற்றச் செய்தார். தண்ணீர்க் குடம் விஷயத்திலும் அப்படித்தான். எல்லாப் பெண்களையும்போல நான் எப்போதும் இடது இடுப்பில்தான் நிறை குடம் வைப்பேன். "அந்தப் பக்கம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டு, அரைக் குடமாக, போகும்போது ஒரு பக்கம், அடுத்த நடை மறுபக்கம் என்று ஆக்கினார். இரண்டு நடை கூடுதலாகும் என்றேன். ஆகட்டும் என்றார். என்னால் விழுந்தவர், என் இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆள் வருவது மட்டும் நிற்கவில்லை. நான் உதைக்க மாட்டேன் என்றேன். முழுகாமல் இருப்பதால் என்று முதலில் நினைத்தார்கள். மகள் பிறந்த பிறகும் மாட்டேன் என்றதும், திமிர் என்றார்கள். கைராசி மாதிரி இவளுக்குக் கால்ராசி, அதை வைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறாள் என்று பேசினார்கள். மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இவள் உதைத்துத்தான் நான் விழுந்தேன் என்று. ஊர் வாய் அடைத்திருக்கும். என் பேரும் கெட்டிருக்கும். அவர் அதைச் சொல்லவே இல்லை. வந்தவர்களிடம், "அவ ஒதைக்கறத வுட்டுட்டா. வா, ரெண்டு பேரும் ரோடு வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். வலி அதிகம், கால் மரக்கிறது என்றால் பெரம்பலூருக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

அடுத்த வைகாசியில் அவர் காட்டுக்குப் போனார். ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஆட்களில் ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். நானும் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். அந்தக் கால் தாங்குமா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

மடியில் விதையைக் கட்டிக்கொண்டு அவர் குனியவில்லை. முதலில் பேசினார்.

"சாலு முடியாம நிமிந்தா வேலைக்கள்ளின்னு சொன்னேன்ல? அது நான் சொன்ன தப்பு. உங்க இடுப்பையெல்லாம் நான்தான் கெடுத்தேன். இனிமே பாதி சாலுல நிமிரணும். நிமிராதவதான் கள்ளி."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு வீம்பு பிடித்த மனுஷி தன் வாயால் தப்பு என்று சொன்னதை யாராலும் நம்ப முடியவில்லை. ஊரில் ஆண்பிள்ளைகளே கடைசி வரை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குனிந்தார்கள். சரியாகப் பாதியில், "ம்" என்றார். எட்டுப் பேரும் நிமிர்ந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, பின்னால் லேசாக வளைந்து வானத்தைப் பார்த்தார்கள். வரப்பில் குடையோடு நின்ற காட்டுக்காரர் கத்தினார்.

"என்ன, எல்லாரும் சாமி கும்புடுறீங்களா? வெயிலு ஏறுது!"

"ஒங்க வேலைய முடிச்சுட்டுத்தான் போவோம் அண்ணே. போறப்ப எங்க இடுப்பையும் கூட எடுத்துட்டுப் போவணும்ல" என்றார் மாமியார்.

அன்று சாயங்காலம் ஆள் கணக்குக்குப் பார்த்தால், நட்ட பரப்பு முன்பு நட்டதைவிடக் குறைவில்லை. காட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். போன ஐந்து பேரும் அடுத்த நடவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். கூடவே புதிதாக மூன்று பேர். முன்புபோல் எல்லாரையும்விட முந்தி ஓட அவரால் முடியவில்லை. சில நாள் வலி வரும். அன்று குனிகிற வேலையை விட்டு விதை பிரிக்கிற வேலைக்குப் போய்விடுவார். கூட்டம் அவர் சொல்படிதான் நடந்தது.

சில வருடம் கழித்து, அரியலூரிலிருந்து பஸ் மாறி ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். சாலையோரக் காட்டில் ஒரு வரிசைப் பெண்கள் திடீரென்று ஒன்றாக நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். பக்கத்து சீட்டுப் பெரியவர், "மழைக்கு வேண்டுறாளுவ போலருக்கு" என்றார். அவர்கள் எங்கள் ஆட்கள்கூட இல்லை. வேறு ஊர்ப் பெண்கள். பார்த்துப் பழகியிருக்கிறார்கள். எனக்கு இருந்த பெருமையில், "எங்க மாமியாரு பண்ண வேலைங்க" என்று சொல்லிவிட்டேன். மழைக்கு வேண்டுவதையா என்று அவர் குழம்பியிருப்பார்.

அந்தப் பெருமையோடு இறங்கினாலும், உள்ளே அந்த மூன்றாவது உதை ஒரு கல்லாக அப்படியேதான் கிடந்தது. அந்த வாரம் ஆள் குறைகிறது என்று நானும் நடவுக்குப் போனேன். மாமியாருக்கு அடுத்த சால் எனக்கு. பாதியில் "ம்" என்றார். நிமிர்ந்தோம். இடுப்பில் கை, முகம் வானத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அன்னிக்கு மூணாவது ஒதை நான் கோவத்துல ஒதைச்சேன்."

பருந்து ஒன்று மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றார். "ஒதை வாங்குனவளுக்குத் தெரியாதா? கொழம்புக்குத்தானே?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே விழவில்லை.

"அதுக்கு முந்தி பத்து நாளாவே எனக்குக் காலு மரத்துப் போச்சு. நடவு போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல. அப்புடியே வந்து ஒங்கிட்ட முதுகைக் காட்டுனேன். ஒன் தப்பு மூணுல ஒண்ணு. மிச்சம் ரெண்டு என்னுது" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"குனி புள்ள. இன்னும் பாதி சால் இருக்கு. முட்டிய மடக்கிக் குனி" என்றார்.